விறகு மிதந்த வழியில் நான்கு நாட்கள்

பிரான்சின் பர்கண்டி வட்டாரத்தில், மோர்வான் மலைக்காட்டுக்குள் ஒரு வாய்க்கால் ஓடுகிறது. பெரிய அகலமில்லை, எதிர்க்கரையில் நிற்பவரோடு குரல் உயர்த்தாமல் பேசலாம். ஒரு பக்கம் மலை ஏறிப்போகிறது, மறுபக்கம் யோன் ஆற்றின் பள்ளத்தாக்கு இறங்கிப்போகிறது. இரண்டுக்கும் நடுவில், ஏறவும் செய்யாமல் இறங்கவும் செய்யாமல், மலையின் இடுப்பைச் சுற்றிய அரைஞாண் போல வாய்க்கால் வளைந்து வளைந்து செல்கிறது. அதன் கரைமேல் மண்ணும் சரளையும் கலந்த பாதை. ஜூன் மாதத்துத் திங்கட்கிழமை காலையில் அந்தப் பாதையில் நானும் என் அக்கா மகனும் மூன்று மணி நேரம் சைக்கிள் ஓட்டினோம். எதிரில் வந்தவர்கள் இரண்டே பேர், நடைப்பயணிகள். ஒரு காரின் சத்தம்கூடக் காதில் விழவில்லை.

பாரிஸ் புறநகரில் குடியேறிப் பல ஆண்டுகள் ஆகின்றன. நாட்டுப்புறம் என்றால் நெடுஞ்சாலையிலிருந்து கார் கண்ணாடி வழியே தெரியும் கோதுமை வயல் என்றுதான் நெடுநாள் எண்ணியிருந்தேன். கிராவல் சைக்கிள் வாங்கிய பிறகு அது மாறியது. பந்தய சைக்கிளின் வளைந்த கைப்பிடியும், அதைவிட இரு மடங்கு அகலமான டயரும் கொண்ட வண்டி இது. தார்ச்சாலையிலும் ஓடும், வண்டித்தடம், காட்டுப்பாதை, கால்வாய்க்கரை எல்லாவற்றிலும் ஓடும். காரில் போக முடியாத இடமும், நடந்துபோனால் ஒரு வாரம் பிடிக்கும் இடமும் இதற்கு எட்டுகின்றன.

பிரான்சில் கிராவல் பாதை தேடுகிறவர்களுக்கு என் அனுபவத்தில் கிடைத்த வழி ஒன்று உண்டு. வரைபடத்தில் சாலைகளைப் பார்க்காதீர்கள், தண்ணீரைப் பாருங்கள். ஆறு, கால்வாய், வாய்க்கால், அணை, குளம் இவற்றை ஒரு கோட்டில் இணைத்துப் பாருங்கள். மனிதர்கள் எங்கெல்லாம் தண்ணீரை நடத்திச் சென்றார்களோ அங்கெல்லாம் அதன் கூடவே நடந்திருக்கிறார்கள். அந்தத் தடம் இன்னும் இருக்கிறது. தண்ணீர் செங்குத்தாக ஏறாது என்பதால் அந்தத் தடமும் ஏறாது. பர்கண்டியில் ஒசேர் நகரிலிருந்து மோர்வான் ஏரிகள் வரை நாங்கள் போன பாதை முழுவதும் அப்படி அமைந்ததுதான்.

பாரிசின் பெர்சி நிலையத்தில் சனிக்கிழமை காலை ரயில் ஏறினோம். ஒசேர் வரை இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். வட்டார ரயில்களில் சைக்கிளைக் கழற்றாமல் அப்படியே ஏற்றலாம், ஆனால் சைக்கிளை மாட்டும் கொக்கிகள் கொஞ்சம்தான். விடுமுறை நாட்களில் சில தடங்களில் சைக்கிளுக்கு முன்பதிவு கேட்கிறார்கள். கிளம்பும் முன் அந்தந்தத் தடத்துக்கான விதியைப் பார்த்துவிடுங்கள். பைகளை முன்கூட்டியே கழற்றிக் கையில் வைத்துக்கொண்டால், கொக்கியில் மாட்டும்போது பின்னால் நிற்பவர்களைக் காக்க வைக்காமல் ஏறிவிடலாம்.

ஒசேரில் புனித எத்தியேன் பேராலயத்தின் நிழல் விழும் ஆற்றங்கரையிலிருந்து நிவெர்னே கால்வாய் தொடங்குகிறது. லுவார் ஆற்றங்கரையில் தெசீஸ் நகருக்கு அருகே அது முடியும்வரை 174 கிலோமீட்டர். 1784இல் தொடங்கிய வேலை 1840களில்தான் முடிந்தது. இவ்வளவு பாடும் எதற்காக என்றால், பாரிசின் அடுப்புகளுக்கு விறகு வேண்டியிருந்தது. அந்த நகரம் குளிர்காயவும் சமைக்கவும் மோர்வான் காடுகளைத்தான் நம்பியிருந்தது. இது தெரிந்த பிறகு இந்த வழியில் பார்த்த ஒவ்வொன்றும் எனக்கு வேறாகத் தெரிந்தது.

முதல் நாள் க்ளம்சி வரை சுமார் 60 கிலோமீட்டர். ஏற்றமே இல்லை. குதிரைகளும் மனிதர்களும் படகுகளைக் கயிறு கட்டி இழுத்த கரை இப்போது சைக்கிள் பாதை. சில இடங்களில் தார், சில இடங்களில் நொறுக்கிய சுண்ணாம்புக்கல். வெயிலில் அந்த வெள்ளைக் கல் கண்ணைக் கூசச்செய்யும். கறுப்புக் கண்ணாடியை ஆடம்பரம் என்று நினைக்க வேண்டாம். கிராவ்வான் தாண்டும்வரை கரையோரச் சரிவுகளில் திராட்சைத் தோட்டமும் செர்ரித் தோட்டமும் மாறி மாறி வருகின்றன. ஜூன் செர்ரிக் காலம். ஒரு வீட்டு வாசலில் பழக்கூடையும் பணம் போட ஒரு தகரப் பெட்டியும் இருந்தன, ஆள் இல்லை. ஒரு கிலோ எடுத்துக்கொண்டு காசைப் போட்டோம். இப்படிப்பட்ட இடங்களுக்காகச் சில்லறை நாணயங்கள் வைத்திருங்கள். அட்டைக்கு அங்கே வேலையில்லை.

கால்வாய்க்கரையில் வேகத்தைக் குறைக்க வேண்டிய காரணம் மீன்பிடிப்பவர்கள். இங்கே சிலர் பல மீட்டர் நீளமுள்ள தூண்டிலைப் பாதைக்குக் குறுக்கே பின்னால் நீட்டி வைத்திருப்பார்கள். தொலைவிலேயே மணி அடித்து, 'போன்ழூர்' என்று வணக்கம் சொல்லி, அவர்கள் கழியை இழுத்துக்கொள்ளும்வரை நிற்க வேண்டும். என் மருமகன் முதல் ஒரு மணி நேரத்தில் இரண்டு முறை கடைசி நொடியில் பிரேக் பிடித்தான். "மாமா, இவர்கள் ஏன் பாதையை மறிக்கிறார்கள்?" என்று கேட்டான். அவர்கள் நமக்கு முன்பிருந்தே இங்கே உட்கார்ந்திருப்பவர்கள் என்றேன். மூன்றாவது ஆளிடம் அவனே இறங்கி நின்று என்ன மீன் என்று விசாரித்தான்.

மெர்ரி என்ற ஊருக்கு எதிரே சோசுவா பாறைகள் ஆற்றை ஒட்டிச் சுவர்போல எழுகின்றன. வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை. அதில் ஏறுவதற்கென்றே ஆட்கள் வருகிறார்கள். அங்கே மரநிழலில் சாப்பிட்டோம். அந்த இடத்தைக் கடந்துபோகாமல் ஒரு மணி நேரமாவது உட்காருங்கள்.

க்ளம்சியில் யோன் ஆற்றின் பாலத்தில் ஒரு மிதவைத் தொழிலாளியின் சிலை நிற்கிறது. 16ஆம் நூற்றாண்டு முதல் இந்த ஊர்தான் விறகுத் தொழிலின் நடுமையம். மலையில் வெட்டிய விறகுக் கட்டைகளின் முனையில் வணிகர்கள் தங்கள் சுத்தியலால் முத்திரை அடித்து ஓடைகளில் போட்டுவிடுவார்கள். குறித்த நாளில் மேலேயுள்ள குளங்களின் மதகுகளைத் திறப்பார்கள். திடீரென்று பெருகும் தண்ணீர் அத்தனை கட்டைகளையும் அடித்துக்கொண்டு இறங்கும். க்ளம்சியில் அவற்றை மறித்து, முத்திரை பார்த்துப் பிரித்து, நீண்ட தெப்பங்களாகக் கட்டிப் பாரிசுக்கு ஓட்டிச்செல்வார்கள். தெப்பம் விறகோடு விறகாகப் பிரிந்துபோகும். ஓட்டிச்சென்றவர்கள் நடந்து திரும்புவார்கள். ரயிலும் நிலக்கரியும் வந்து இந்தத் தொழிலை மெல்ல மெல்ல அழித்தன. ஆற்றில் கட்டைகள் மிதந்து வந்த கடைசிக் காட்சிகள் 1920களில். நாங்கள் ரயிலில் இரண்டு மணி நேரத்தில் வந்த தூரத்தை அந்த மனிதர்கள் நடந்தே வந்தார்கள் என்று சொன்னபோது என் மருமகன் சிலையின் காலடியை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

இரண்டாம் நாள் ஞாயிறு. என் திட்டத்தில் இருந்த பெரிய பிழை இந்த நாளில்தான் வெளிப்பட்டது. பிரெஞ்சு நாட்டுப்புறத்தில் ஞாயிறு நண்பகலுக்குப் பிறகு கடை என்று ஒன்று திறந்திருக்கும் என எண்ணக்கூடாது. திங்கட்கிழமை பல ரொட்டிக்கடைகளுக்கு வார விடுமுறை. மற்ற நாட்களிலும் பன்னிரண்டரை மணிக்குக் கதவை மூடினால் மூன்று மணிக்கோ நான்கு மணிக்கோதான் மறுபடி திறப்பார்கள். இதெல்லாம் இங்கே வாழும் எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் இரவு தங்கவிருந்த குளக்கரையில் சிற்றுண்டிக் கடை இருப்பதாக வரைபடம் காட்டியதை நம்பி, க்ளம்சியில் ஞாயிறு காலை ஒரே ஒரு நீள ரொட்டியும் கொஞ்சம் பாலாடைக்கட்டியும் மட்டும் வாங்கினேன். கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது அது மூடியிருந்தது. இரண்டு பேர், 50 கிலோமீட்டர் ஓட்டிய பசி, கையில் பாதி ரொட்டியும் முந்தின நாள் செர்ரியில் மீதமும்.

இப்போது நான் கடைப்பிடிக்கும் முறையைச் சொல்கிறேன். ஒரு முழுநாள் உணவு எப்போதும் பையின் அடியில் இருக்க வேண்டும். அதைத் தொடாமல் வீடு திரும்புவதுதான் நோக்கம். வறுத்த முந்திரி, பேரீச்சம்பழம், உடனே வேகும் கூஸ்கூஸ் என்ற கோதுமை ரவை கால் கிலோ, ஒரு டப்பா மத்தி மீன், உப்பும் மிளகாய்த்தூளும் கலந்த சிறு பொட்டலம். கூஸ்கூஸை வேகவைக்க அடுப்புகூட வேண்டாம். குளிர்ந்த தண்ணீரில் முக்கால் மணி நேரம் ஊறினால் சாப்பிடும் பதத்துக்கு வந்துவிடும். மதியம் கிளம்பும்போது மூடியுள்ள பாத்திரத்தில் ஊறப்போட்டுப் பையில் வைத்தால் அடுத்த நிறுத்தத்தில் தயார். சில கிராமங்களில் ரொட்டி தரும் தானியங்கி இயந்திரம் இருக்கிறது. அது ஒரு வரம், ஆனால் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

பசியை விட்டுவிட்டுப் பார்த்தால், அந்த ஞாயிறுதான் கால்வாயின் மிக அழகான பகுதி. சார்தி என்ற ஊரில் மூன்று, நான்கு கிலோமீட்டருக்குள் பதினாறு நீர்ப்பூட்டுகள் அடுத்தடுத்து வருகின்றன. முன்னும் பின்னும் கதவுள்ள கல்தொட்டிகள் அவை. படகை உள்ளே விட்டுக் கதவை அடைத்துத் தண்ணீர் நிரப்பினால் படகு ஒரு படி மேலேறும். அப்படிப் பதினாறு படி. கரைப்பாதையும் அதே அளவில்தான் ஏறுகிறது. ஒவ்வொரு பூட்டின் அருகே ஒரு குறுகிய உந்தல், பிறகு மட்டம், மறுபடி உந்தல். மலை ஏறுகிறோம் என்று கால்களுக்குத் தெரிவதே இல்லை. பூட்டுக் காவலர்களின் பழைய வீடுகள் சிலவற்றில் இப்போது கைவினைக் கலைஞர்கள் இருக்கிறார்கள்.

இந்தப் பூட்டு ஏணியின் உச்சியில் கால்வாய் மலைக்குள் நுழைகிறது. கொலான்செல் சுரங்கங்கள் மூன்று. நீளமானது 758 மீட்டர். சுரங்கத்துக்குள் கரைப்பாதை கிடையாது, மேலே காட்டு வழியாகச் சுற்ற வேண்டும். சுரங்கங்களுக்கு இடையே மலையைப் பிளந்த ஆழமான வெட்டுப்பள்ளங்களில் பாறையிலிருந்து தண்ணீர் கசிந்து, பாசியும் பெரணியும் அடர்ந்து, மதிய வெயிலிலும் குளிர்கிறது. இதைக் கையாலும் வெடிமருந்தாலும் வெட்டியவர்களை நினைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் மேலே நின்றோம். அப்பால் வோ, பே என்ற இரட்டைக் குளங்கள். கால்வாயின் உச்சிப் பகுதிக்குத் தண்ணீர் தருவதற்காகக் கட்டப்பட்டவை. ஒவ்வொரு படகு இறங்கும்போதும் உச்சியிலிருந்து ஒரு தொட்டித் தண்ணீர் கீழே போய்விடும். அதை ஈடுகட்ட மேலே நீர்த்தேக்கம் வேண்டும். நீர்ப்பாசனம் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

குளங்கள் போதவில்லை என்று 19ஆம் நூற்றாண்டில் யோன் ஆற்றிலிருந்து ஒரு வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்தார்கள். நான் தொடக்கத்தில் சொன்ன வாய்க்கால் அதுதான்: ரிகோல் தியோன். 25 கிலோமீட்டருக்கும் மேல் நீளம். கிராவல் ஓட்டுபவர்களுக்கு இந்தப் பயணத்தில் ஒரே ஒரு நாள்தான் கிடைக்கும் என்றால் இதைத் தேர்ந்தெடுங்கள் என்பேன். சுற்றிலும் ஏற்ற இறக்கம் நிறைந்த மேட்டுநிலம். சாலையில் போனால் ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு குன்று ஏறி இறங்க வேண்டும். வாய்க்கால் மட்டும் சமஉயரக் கோட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத சரிவில் காட்டுக்குள் நழுவிப்போகிறது. மோந்த்ருயோன் ஊரருகே பள்ளத்தாக்கு குறுக்கிடும் இடத்தில் அது கல்வளைவுகள் மேல் ஏறி, ஆற்றுக்கு 33 மீட்டர் உயரத்தில் கடக்கிறது. கீழே ஆறு, மேலே அதே ஆற்றின் தண்ணீர் வேறு பக்கம் திரும்பி வேறொரு வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

இங்கே பாதை சில இடங்களில் குறுகி, சைக்கிள் கைப்பிடியின் அகலத்துக்கு வந்துவிடும். மரவேர்கள் பாதையின் குறுக்கே ஓடும். மழை பெய்திருந்தால் அவை வழுக்கும். சாய்வாக ஏறாமல் வேருக்குச் செங்குத்தாகச் சக்கரத்தை விட வேண்டும். ஒரு பக்கம் தண்ணீர் என்பதை மறக்கக்கூடாது. எதிரில் நடைப்பயணி வந்தால் இறங்கி மலைப்பக்கமாக ஒதுங்கினோம். தொட்டால் எரியும் காஞ்சொறி வகைச் செடி இரு பக்கமும் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது. அரைக்கால் சட்டை போட்டிருந்த மருமகனின் கெண்டைக்கால் இரண்டும் மாலைவரை எரிந்தன.

மோந்த்ருயோனில் தண்ணீர்ப் புட்டிகள் காலி. வழக்கமாக நான் கல்லறைத் தோட்டத்தைத் தேடுவேன்: பிரெஞ்சு கிராமங்களில் பூச்செடிகளுக்கு ஊற்றுவதற்காக அங்கே ஒரு குழாய் இருக்கும், பெரும்பாலும் அது ஊர்க் குழாய்நீர்தான். 'நோன் பொத்தாப்ள்' என்று பலகை இருந்தால் குடிக்கக்கூடாது. பலகையே இல்லாவிட்டால் அருகில் ஒருவரைக் கேட்பது நல்லது. அன்று அப்படிக் கேட்கப் போன இடத்தில் காய்கறிப் பாத்திக்கு நீர் பாய்ச்சிக்கொண்டிருந்த முதியவர், புட்டிகளை நிரப்பிக் கொடுத்துவிட்டு எங்கள் முகத்தைப் பார்த்தார். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். செர்ரி என்றான் மருமகன். அவர் உள்ளே போய்ப் பாதி உருண்டை ரொட்டியும் ஒரு துண்டு ஆட்டுப்பால் கட்டியும் நான்கு அவித்த முட்டைகளும் கொண்டுவந்தார். பணம் நீட்டியபோது கையை ஆட்டி மறுத்துவிட்டார். அவர் வீட்டுக் கல்திண்ணையில் உட்கார்ந்து சாப்பிட்ட அந்த ரொட்டியின் சுவை எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஊருக்குத் திரும்பியதும் வாய்க்கால் பாலத்தின் படம் ஒன்றை அச்செடுத்து, பின்பக்கம் நன்றி எழுதி அவருக்கு அனுப்பினோம்.

வாய்க்கால் பானசியேர் ஏரியில் போய் முடிகிறது. உண்மையில் அங்கேதான் தொடங்குகிறது. மோர்வானின் ஆறு பெரிய ஏரிகளில் இதுவே பெரியது, ஏறத்தாழ 520 ஹெக்டேர். 1910இல் பாரிஸ் நகரம் வெள்ளத்தில் மூழ்கிய பிறகு சேன் ஆற்றின் மேற்பகுதியில் நீர்த்தேக்கங்கள் கட்டும் எண்ணம் வலுத்தது. அந்த வரிசையில் இந்த அணை 1949இல் முடிந்தது. குளிர்காலத்திலும் வசந்தத்திலும் ஆற்றுநீரைப் பிடித்து வைத்து, கோடையில் சிறிது சிறிதாகத் திறந்துவிடுகிறார்கள். அதனால் ஜூன் தொடக்கத்தில் ஏரி விளிம்புவரை நிரம்பிக் காடு தண்ணீரில் கால் நனைத்து நிற்கும். இலையுதிர் காலத்தில் வந்தால் சேற்றுக்கரை அகன்று கிடக்கும். ஏரிக்காக வருகிறவர்கள் மாதம் பார்த்து வர வேண்டும்.

இந்த இடத்தில் நிலமும் மாறிவிடுகிறது. நேற்றுவரை டயருக்கடியில் பொடிந்த வெள்ளைச் சுண்ணாம்பு போய், இன்று கருங்கல்லும் அது நைந்து உண்டான கரடுமுரடான மணலும். சத்தமே வேறு. டயர் விஷயத்தைச் சொல்ல வேண்டிய இடம் இதுதான். என்னுடையது 45 மில்லிமீட்டர் அகலம், டியூப் இல்லாமல் உள்ளே பசைத் திரவம் ஊற்றியது. பையோடு சேர்த்துச் சுமை அதிகம் என்றாலும் முன்சக்கரத்தில் 2.1 பார், பின்சக்கரத்தில் 2.4 பார் காற்றுக்கு மேல் வைக்கவில்லை. மருமகனுடையது 35 மில்லிமீட்டர், டியூப் உள்ளது; கல்லில் மோதி டியூப் நசுங்கிக் கிழியாமல் இருக்க அவன் காற்றை அதிகம் அடைக்க வேண்டியிருந்தது. கால்வாய்க்கரையில் அவன் என்னைவிட வேகம். மோர்வான் காட்டுக்குள் நுழைந்ததும் ஒவ்வொரு கல்லும் அவன் மணிக்கட்டில் இறங்கியது. அன்று மாலை அவனால் புட்டியின் மூடியைத் திறக்க முடியவில்லை. இந்த வட்டாரத்துக்கு 40க்குக் குறைவான டயரோடு வராதீர்கள். கியரிலும் அப்படித்தான்: பின்பக்கப் பெரிய பல்சக்கரம் முன்பக்கத்துக்குச் சமமாகவோ பெரிதாகவோ இருக்கட்டும். பானசியேரிலிருந்து 573 மீட்டர் உயரத்தில் இருக்கும் செத்தோன் ஏரிக்குப் போகும் ஏற்றங்களில் சுமையோடு உட்கார்ந்தபடி ஏற அது வேண்டும்.

அந்த ஏற்றத்தில்தான் அடுத்த சிக்கல். மோர்வானின் பெரும்பகுதியில் பழைய ஓக், பீச் காடுகளை அகற்றிவிட்டு டக்ளஸ் ஊசியிலை மரங்களை வரிசையாக நட்டிருக்கிறார்கள். முற்றியதும் பெரிய இயந்திரங்களைக் கொண்டு மொத்தமாக வெட்டுகிறார்கள். கைபேசிச் செயலி பரிந்துரைத்த காட்டுப்பாதை ஒன்று அப்படிப்பட்ட வெட்டுவெளிக்குள் போய் மறைந்துவிட்டது. முழங்கால் ஆழ இயந்திரத் தடங்கள், சேறு, எங்கும் கிளைகள். அரை மணி நேரம் வண்டிகளைத் தோளில் சுமந்தோம். மறுபுறம் ஏறி மிதிக்கத் தொடங்கியபோது மருமகனின் பின்சக்கரத்தில் ஒரு குச்சி சிக்கி, கியர்மாற்றியைத் தாங்கும் சிறு அலுமினியத் துண்டான ஹேங்கர் வளைந்துவிட்டது. ஒவ்வொரு வண்டிக்கும் அது தனி வடிவம். நாட்டுப்புறத்தில் எந்தக் கடையிலும் உங்கள் வடிவம் கிடைக்காது. இருபது கிராம் எடையுள்ள அதில் ஒன்றை உபரியாக எடுத்து வராதது என் தவறு. பையனுக்கு இது முதல் நெடும்பயணம். அவன் வண்டியை நான்தான் சரிபார்த்திருக்க வேண்டும். கையால் மெல்ல மெல்ல நிமிர்த்தினேன். அலுமினியம் இரண்டாம் முறை வளைத்தால் உடைந்துவிடும் என்பதால் முழுதாக நிமிர்த்தத் துணியவில்லை. நடுவிலுள்ள மூன்று கியர்கள் மட்டும் வேலை செய்தன. பெரிய ஏற்றங்களில் அவன் இறங்கித் தள்ளினான், நானும் கூடவே இறங்கி நடந்தேன். "நீங்கள் ஓட்டிக்கொண்டு போங்கள் மாமா, மேலே வந்து சேர்ந்துகொள்கிறேன்" என்று இரண்டு தடவை சொன்னான். தனித்தனியாகப் போகும் இடமில்லை அது. கைபேசியில் சமிக்ஞை கிடையாது.

அதன் பிறகு நான் செயலியின் வழியை அப்படியே ஏற்பதில்லை. பிரெஞ்சு நில அளவைத் துறையான ஐஜிஎன் வெளியிடும் 1:25,000 வரைபடத்தில் அந்த வழியை ஒவ்வொரு துண்டாகப் பார்க்கிறேன். இரட்டைக் கோடாகக் காட்டும் காட்டுச்சாலை என்றால் நம்பலாம். ஒற்றைப் புள்ளிக்கோடு சமஉயரக் கோடுகளை நெருக்கமாக வெட்டிச் சென்றால் அது தூக்கிச் சுமக்கும் வழி. விமானப் படத்தையும் பார்க்கலாம். புதிய வெட்டுவெளி பழுப்புத் திட்டாகத் தெரியும். சிவப்பும் வெள்ளையும் கலந்த குறியிட்ட நெடுந்தூர நடைப்பாதைகள் அழகானவைதான், ஆனால் பல இடங்களில் அவை கால்களுக்கானவை, சக்கரத்துக்கானவை அல்ல. வரைபடத்தைக் கிளம்பும் முன்பே கைபேசியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

செத்தோன் ஏரிக்கு வந்தபோது மாலை ஒன்பது மணி. ஜூனில் பத்து மணிக்கு நெருக்கமாகத்தான் இருட்டுகிறது; அந்த வெளிச்சம் எங்களைக் காப்பாற்றியது. ஏப்ரலிலோ அக்டோபரிலோ இதே தாமதம் நடந்திருந்தால் காட்டில் இருட்டியிருக்கும். ஏரிக்கரை முகாம் ஒன்றில் கூடாரத்துக்கு இடம் கொடுத்தார்கள். ஏரிக்கரைகளில் நினைத்த இடத்தில் கூடாரம் போட அனுமதியில்லை, பலகைகள் தெளிவாகவே சொல்கின்றன; கோடையில் முகாம்களுக்கு முன்கூட்டித் தொலைபேசியில் சொல்லிவிடுவது நல்லது. படுக்கும் முன் இருவரும் உடம்பில் உண்ணி தேடினோம். உயரமான புல்லில் நடந்திருந்தால் இதைத் தவிர்க்கவே கூடாது. முழங்காலின் பின்புறம், தொடை இடுக்கு, அக்குள், காதின் பின்பக்கம். மருமகனின் முழங்காலின் பின்னால் ஒன்று கிடைத்தது. உண்ணிக் கொக்கி என்ற சிறு பிளாஸ்டிக் கருவி மருந்துக்கடைகளில் கிடைக்கும். நசுக்காமல், எண்ணெய் தடவாமல், திருகி எடுக்க வேண்டும். அடுத்த சில வாரங்களில் அந்த இடத்தில் சிவப்பு வளையம் பரவினால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும், அது லைம் நோயின் அடையாளம். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

செவ்வாய் காலை எழுந்து கூடார வாயிலைத் திறந்தபோது ஏரி புகைந்துகொண்டிருந்தது. இதுவும் விறகுக்காக உண்டான நீர்தான்: க்யூர் ஆற்றில் கட்டைகளை அடித்துச் செல்ல வெள்ளம் வேண்டும் என்று 19ஆம் நூற்றாண்டின் நடுவில் கட்டிய கருங்கல் அணை. ஏரியைச் சுற்றிச் சுமார் 15 கிலோமீட்டர் பாதை, நிதானமாகப் போனால் ஒன்றேகால் மணி நேரம். அதிகாலையில் நடப்பவர்கள் வருவதற்கு முன் சுற்றிவிட்டோம். நீந்துவதற்கென்று குறித்த கரையில் மட்டும் இறங்கினோம். கோடை முற்றும்போது இத்தகைய ஏரிகளில் நச்சுப் பாசி பெருகிக் குளிக்கத் தடை வருவதுண்டு. கரையிலுள்ள அறிவிப்பைப் படித்துவிட்டு இறங்குங்கள்.

அங்கிருந்து வடக்கே இறக்கம். ஷொமசோன் ஏரி, அதன் கீழே ஷாலோ ஆறு, பிறகு க்யூர். பாறைகளுக்கு நடுவே கண்ணாடியாய் ஓடும் ஆற்றைக் கண்டதும் நடுவிலிருந்த பெரிய பாறைக்குத் தாவி உட்காரத்தான் எவருக்கும் தோன்றும். மருமகன் செருப்பைக் கழற்றிவிட்டான். கரையில் நின்ற மஞ்சள் பலகையைப் படித்துவிட்டு அவனைத் தடுத்தேன். வெயில் நாளாக இருந்தாலும், மேலே மழையே இல்லாவிட்டாலும், அணையிலிருந்து தண்ணீர் திறந்தால் ஆறு சில நிமிடங்களில் உயர்ந்துவிடும் என்பது அந்தப் பலகையின் பொருள். மின்சாரத்துக்காகத் திறக்கிறார்கள், மிதவைப் படகு விளையாட்டுக்காகவும் குறித்த நாட்களில் திறக்கிறார்கள். விறகுக் கட்டைகளைத் தூக்கிச் சென்ற அதே திடீர்ப் பெருக்கு. அணைக்குக் கீழே உள்ள எந்த ஆற்றிலும் நடுப்பாறையில் உட்காராதீர்கள், படுகையில் கூடாரம் போடாதீர்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வையுங்கள்.

மேய்ச்சல் நிலங்களின் ஊடே போகும் பாதைகளில் கதவுகள் வரும். திறந்தால் மூட வேண்டும். வெள்ளை ஷரோலே மாடுகள் பார்க்கச் சாதுவானவை, ஆனால் கன்றோடு நிற்கும் தாயை வளைத்துப் போகாமல் இறங்கித் தொலைவாக நடந்து போங்கள்.

பியேர்-பெர்துயி என்ற சிற்றூரில் க்யூர் ஆற்றின்மேல் இரண்டு பாலங்கள், தாழ்வாக ஒரு பழைய கற்பாலம், அதற்கு மேலே வெகு உயரத்தில் மற்றொன்று. கீழ்ப்பாலத்தின் வழியே போங்கள். மேலே ஏற வேண்டியிருந்தாலும் அந்த இடத்தின் குளிர்ச்சிக்காகப் போகலாம். அதன் பிறகு குன்றின் மேல் வெசெலே, 1979 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். மூன்று கியரோடு மருமகன் அந்தக் கடைசி ஏற்றத்தை இறங்காமல் மிதித்து முடித்தான். மரிய மதலேனாள் பேராலயத்தின் வாசலில் வண்டியைச் சாய்த்துவிட்டு, நெஞ்சு ஏறி இறங்க, பேசாமல் உட்கார்ந்திருந்தான். உள்ளே வெளிர்க்கல் தூண்களுக்கு நடுவே மதிய ஒளி தரையில் விழுந்திருந்தது. நான்கு நாள் தூசியோடு உள்ளே போகத் தயங்கினோம். ஸ்பெயினிலுள்ள சந்தியாகோ திருத்தலத்துக்கு நடந்துபோகும் யாத்திரிகர்கள் இருவர், எங்களைவிடத் தூசியோடு, முன்வரிசையில் அமர்ந்திருந்தார்கள். நாங்களும் போய் உட்கார்ந்தோம்.

செர்மிசெல் நிலையம் அங்கிருந்து பத்து கிலோமீட்டர் இறக்கம். சிறிய நிலையம், ஒரு நாளைக்குச் சில ரயில்களே நிற்கும். திரும்பும் நேரத்தை முதலில் முடிவு செய்து, அதிலிருந்து பின்னோக்கி நாட்களை எண்ணித்தான் இந்தப் பயணத்தைத் திட்டமிட வேண்டும். நாங்கள் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து சேர்ந்தோம்.

அக்டோபரில் மறுபடி போகிறோம். நீர் இறங்கிய பானசியேரைப் பார்க்க வேண்டும் என்பது மருமகனின் விருப்பம். அது வேட்டைக் காலம்; செப்டம்பரில் தொடங்கிப் பிப்ரவரி இறுதிவரை காட்டில் துப்பாக்கிகள் இருக்கும், வார இறுதிகளில் அதிகம். எனவே வார நாட்களில் போகிறோம், பளிச்சென்ற ஆரஞ்சு நிற மேலுடை இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன். அவன் வண்டிக்கு 42 மில்லிமீட்டர் டயர் மாற்றியாயிற்று. இரண்டு வண்டிகளுக்கும் உபரி ஹேங்கர் ஒவ்வொன்று, பெயரெழுதி, கருவிப் பையில் இருக்கிறது. மோந்த்ருயோனில் அந்த முதியவர் வீட்டுக் கதவைத் தட்டுவதற்காக, வழியை இரண்டு கிலோமீட்டர் சுற்றிப் போகும்படி மாற்றி வரைந்திருக்கிறான்.